மாரியிலும் உடுப்புக் காய வேண்டும்

"இங்கே இருக்கப்போவது கொஞ்சக் காலந்தானே" என்று சொல்லி, இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல வசதிகளைத் தள்ளிப்போடுகின்றன. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் சில 25 ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களிலேயே வாழ்ந்தன. ஆகவே காத்திருக்கும் காலத்தையும் நாம் சுகமாக வாழவேண்டும்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தால் சவர்க்கார நீர் மீண்டும் கிணற்றுக்கே ஊறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது விரைவாக நடக்கும். நாம் குடிப்பதும் அதே நீரைத்தான். மாரியில் கொட்டிலுக்குள் கொடி கட்டினால் ஈரம் வீட்டிலேயே தங்கிவிடும்.

இதற்கு ஒரு சிறு தோய்க்கும் கொட்டில் போதும். கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில், பள்ளப் பக்கமாக இடம் தெரிவுசெய்யுங்கள். 4 அடிச் சதுரத்துக்குக் கல் பரவி, 2 அங்குலச் சரிவுடன் சீமெந்து பூசுங்கள். தோய்க்கும் கல் இடுப்பளவு உயரத்தில் இருந்தால் தாய்மாருக்கு முதுகு நோகாது. கழிவுநீரை வாய்க்கால் வெட்டி வாழைகளுக்கு விடுங்கள்; கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

கிடுகுக் கூரையை 12 அடிக்கு நீட்டி, அதன் கீழ் கொடி கட்டுங்கள். மாரி மழை வாடைக்காற்றோடு வருவதால் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் ஓலைத் தட்டியால் மறையுங்கள். மற்றப் பக்கங்களால் காற்று வரட்டும்.

காணி பிறருடையதாயின் முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். அயலவர் இரண்டு மூன்று குடும்பங்கள் சிரமதானமாகச் சேர்ந்தால் வேலை இலகுவாகும். ஊர் திரும்பும் நாளில் மரங்களையும் தட்டியையும் கழற்றிக்கொண்டு போகலாம். கிணறும் பழுதின்றி இருக்கும்.