டூலாவாக இருந்துகொண்டே ஆபீஸுக்கும் போகலாமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

டூலா என்பவர் மருத்துவச்சியா?

இல்லை. பிரசவ வலி எடுத்ததிலிருந்து தாயின் பக்கத்திலேயே இருந்து, இடுப்பைப் பிடித்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்பவர். அம்மாவும் அத்தையும் கூலியில்லாமல் செய்த வேலைதான். ஊசி, மருந்து, உள்பரிசோதனை எதிலும் அவர் கை வைக்கக் கூடாது.

இதனால் பலன் உண்டா?

உண்டு. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வமைப்பின் 2017 அறிக்கை, இடைவிடாத துணை இருந்தால் சிசேரியன் குறையக்கூடும் என்கிறது.

முழுநேர வேலையோடு சமாளிக்க முடியுமா?

முடியும், மாதத்துக்கு ஒரு பிரசவத்தோடு நிறுத்திக்கொண்டால். டாக்டர் குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். அதனால் 38-வது வாரத்திலிருந்தே எந்த நேரமும் அழைப்பு வரலாம். பிரசவ அறையில் நிற்பதைவிட இந்தக் காத்திருப்புதான் ஆளைப் படுத்தும். போன் தலைமாட்டில் சார்ஜில் கிடக்கும். மாற்றுத்துணியும் பிஸ்கெட்டும் வைத்த பை வாசலோரம் இருக்கும். வெளியூர்க் கல்யாணத்துக்குத் தலைகாட்ட முடியாது. தலைச்சன் பிரசவம் 12 மணி நேரத்தைத் தாண்டுவது சகஜம். விடிய விடிய விழித்துவிட்டு, காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போகாதீர்கள். ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு இது ஒத்துவரும். பரீட்சை மாதத்தில் ஆசிரியைக்கு ஒத்துவராது.

திடீரென்று லீவு கிடைக்காவிட்டால்?

மாற்று டூலா ஒருவரை முன்கூட்டியே தாய்க்கு அறிமுகப்படுத்தி வையுங்கள். அது முடியாது என்றால் பிரசவத்தையே ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்குப் போய்த் தாய்க்கு ஒத்தாசை செய்யும் டூலாக்களும் உண்டு. அதற்குச் சனி, ஞாயிறு என்று நேரம் குறித்துக்கொள்ளலாம்.

ஆபீஸில் சொல்ல வேண்டுமா?

அரசு ஊழியர் காசுக்கு வேறு வேலை பார்க்க முன் அனுமதி வேண்டும். தனியாரில் இருப்பவர்கள் நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். வேறு வேலை கூடாது என்ற ஷரத்து பலவற்றில் இருக்கும்.

மருத்துவமனையில் உள்ளே விடுவார்களா?

அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு மத்திய அரசு 2016-ல் இசைவு தந்தது. ஆனால் அது, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணை மனத்தில் வைத்துச் சொன்னது. காசு வாங்கும் டூலாவை அல்ல. தனியாரில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வழக்கம். சில இடங்களில் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அங்கே கணவரா, டூலாவா என்ற கேள்வி வந்துவிடும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.