பக்கவாதமும் இரத்தச் சர்க்கரையும்



வாய் கோணி, ஒரு பக்கக் கைகால் செயலிழந்து ஒருவர் கொண்டுவரப்பட்டால், நமது செவிலியர் உடனே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இதே அடையாளங்கள் தோன்றும். அப்படியானால் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் பலர் சில நிமிடங்களில் தேறிவிடுவர்.

சர்க்கரை நோய் இரத்தக் குழாய்களைக் கெடுத்து, பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய 2 மடங்காக்குகிறது. பக்கவாதம் வந்தபின் சர்க்கரை உயர்ந்தே இருந்தால் மூளையின் சேதம் பெருகும், குணமடைவதும் குறையும். ஆனால் அதிகமாய் இறக்குவதும் ஆகாது. 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 80–130 அளவுக்கு இறக்கப்பட்டவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. சிலருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தது. ஆகையால் 140–180 அளவில் காக்கிறோம். இதற்கு இரவும் பகலும் பலமுறை பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சோதனைப் பட்டை செலவாகும். உங்கள் காணிக்கை அங்கே உதவுகிறது.

உங்கள் சபையாருக்கும் சொல்லுங்கள்: விழுங்க இயலாதவருக்கு எதையும் புகட்டாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4½ மணி நேரமே உண்டு.

படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்காக ஜெபியுங்கள்.