பழுதை முதலில் அறிபவர்

பொருள் ஏற்றிச் செல்லும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், முதல் கேள்வி ஓட்டுநரை நோக்கித்தான் பாய்கிறது. ஏன் தாமதம்? வண்டியை எப்படி ஓட்டினாய்? கிளம்பும் முன் பார்க்கவில்லையா? பல வேளைகளில் அவர் பார்த்திருப்பார், சொல்லியும் இருப்பார். பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்குவது, ஸ்டியரிங்கில் புதிதாக ஓர் ஆட்டம், மேடேறும்போது வண்டி இழுக்காமல் திணறுவது, கேபினுக்குள் மெல்லப் பரவும் வயர் கருகும் வாடை ஆகியவற்றை எந்த மெக்கானிக்கும் அறியும் முன்பே அறிபவர், நாளெல்லாம் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர். அவர் சொன்னது எந்தத் தாளில் ஏறியது, யார் படித்தார்கள், என்ன பதில் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஓட்டுநரின் புகாரை வெறும் புலம்பலாக ஒதுக்கும் பழக்கம் உயிருக்கும் கேடு, பணத்துக்கும் கேடு. அதை எழுத்தில் பதிந்து, பதில் சொல்லியே தீர வேண்டிய சான்றாக நடத்துவதுதான் அறிவு, அதுவே நீதி. கோடிக்கணக்கான பொருட்கள் அன்றாடம் வீடு வீடாகப் போய்ச் சேரும் அமெரிக்காவின் அனுபவம் இதற்குத் தெளிவான சாட்சி.

அமெரிக்க அஞ்சல் துறையின் வெள்ளைநிறப் பெட்டி வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். நிலவில் மனிதரை இறக்கிய அப்பல்லோ கலத்தைச் செய்த கிரம்மன் நிறுவனம், 1987 முதல் 1994 வரை எல்.எல்.வி. எனப்படும் இந்த வண்டிகளை 1,40,000-க்கும் அதிகமாகக் கட்டித் தந்தது. ஷெவர்லே சேஸிஸ் மீது அலுமினியக் கூடு. சாலையோரத் தபால் பெட்டிக்குக் கை எட்ட வேண்டும் என்பதற்காக, அந்த நாட்டு வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் ஸ்டியரிங். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆகவே 24 ஆண்டுகள் உழைக்கும் என்று கணக்கிட்டார்கள், பிறகு அதை 30 ஆண்டுகள் என்று நீட்டினார்கள். கூடு தாங்கியது, உள்ளே இருந்தவை தாங்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான இடங்களில் நின்று கிளம்பும் வண்டியில் பிரேக்கும் கியரும் ஸ்டார்ட்டரும் படும் பாடு, நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டியில் இல்லை. பல உதிரிபாகங்கள் சந்தையிலிருந்தே மறைந்தன. காற்றுப்பை கிடையாது, ஏ.சி. கிடையாது, ஓட்டுபவருக்கு ஆறுதலாக முன்பலகையில் ஒரு சிறிய மின்விசிறி மட்டும்.

இந்த வண்டிகள் தீப்பிடிக்கத் தொடங்கின. 2014 முதல் 2020 வரையிலான காலத்தில் மட்டும் 400-க்கும் மேற்பட்டவை எரிந்து சேதமாயின அல்லது முற்றாக அழிந்தன. எல்லாத் தீக்கும் பொதுவான ஒரே காரணம் என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. நம் வாதத்துக்கு இதுவே முக்கியம். ஒரே காரணம் இருந்திருந்தால் அந்த ஒரு பாகத்தை எல்லா வண்டிகளிலும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒவ்வொரு வண்டியும் வெவ்வேறு இடத்தில் நைந்துபோகும் முதுமையில், அந்தந்த வண்டியின் அன்றாட நடத்தையைத் தெரிந்தவரின் சொல்தான் முன்னெச்சரிக்கை. பெட்ரோல் வாடை வருகிறது என்று காலையில் ஒருவர் சொல்லும்போது, அதே வண்டியில் அவரை அனுப்புவதா நிறுத்துவதா என்ற முடிவு எந்தப் பொறியியல் அறிக்கைக்கும் காத்திருக்க முடியாது.

வெப்பமும் ஒரு பழுதுதான் என்பதை நிர்வாகங்கள் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. 2018 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் வெயில் 117 ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 47 டிகிரி செல்சியஸ், தொட்ட நாளில் ஓர் அஞ்சல் ஊழியர் தம் வண்டியிலேயே இறந்துகிடந்தார். யு.பி.எஸ். பார்சல் நிறுவனத்தின் பழுப்பு வண்டிகளிலும் இதே குறை இருந்தது. அடிக்கடி நின்று கதவைத் திறக்கும் வண்டிக்கு ஏ.சி. பயன்படாது என்று நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்தது. சரக்கு அடுக்கிய பின்பகுதிக்குள் நுழைந்து வெளியே வருபவர்களோ அந்தச் சூட்டை உடம்பால் அறிந்திருந்தார்கள். 2023-இல் சுமார் 3,40,000 தொழிலாளர்கள் சார்பில் டீம்ஸ்டர்ஸ் சங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தபோது, சம்பளத்தோடு வண்டியின் சூடும் பேசுபொருளானது. 2024 ஜனவரிக்குப் பின் வாங்கும் வண்டிகளில் ஏ.சி., பழைய வண்டிகளில் மின்விசிறியும் வெப்பத் தடுப்பும் என்று உடன்பாடு ஏற்பட்டது. பயன்படாது என்று சொல்லப்பட்ட ஒன்று, ஓட்டுநர்கள் ஒன்றாக நின்று கேட்டதும் செய்யக்கூடியதாகிவிட்டது.

தனி ஓட்டுநரின் சொல்லுக்கு வலுவூட்ட அந்த நாட்டுச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பழுது அறிக்கை. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் பெரிய சரக்கு வண்டிகளின் ஓட்டுநர், நாள் முடிவில் பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், ஹாரன், வைப்பர், கண்ணாடி முதலியவற்றில் குறை கண்டால் எழுதித் தர வேண்டும். குறை சரிசெய்யப்பட்டது அல்லது சரிசெய்யத் தேவையில்லை என்று நிறுவனம் எழுத்தில் உறுதி தர வேண்டும். அடுத்து அந்த வண்டியை எடுப்பவர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, 1982-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு: ஆபத்தான வண்டியை ஓட்ட மறுப்பவரை அதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. 2009 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தில் கடுங்குளிர் இரவொன்றில் ஒரு லாரியின் டிரெய்லர் பிரேக் உறைந்து இறுகிவிட்டது. கேபினில் வெப்பமூட்டியும் வேலை செய்யவில்லை. உதவிக்காக மணிக்கணக்கில் காத்திருந்த ஓட்டுநருக்கு உடல் மரத்துப்போய்ப் பேச்சும் குழறத் தொடங்கியது. இருந்த இடத்திலேயே இரு, அல்லது டிரெய்லரோடு இழுத்துக்கொண்டு போ என்றார் மேலாளர். ஓட்டுநர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு உயிர் பிழைக்கப் போனார். அதற்காக வேலை போனது. 2016-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் மாறுபட்டவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான நீல் கோர்சச். ஓட்ட மறுத்தவரைத்தான் சட்டம் காக்கிறது, இவரோ வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டார் என்பது அவர் வாதம். சட்டம் இருந்தும் அந்த ஓட்டுநருக்கு நியாயம் கிடைக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கு எதிராக நிர்வாகங்கள் வைக்கும் வாதங்களையும் பார்ப்போம். ஓட்டுநர்கள் வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பழுதைச் சாக்காகச் சொல்வார்கள் என்பது முதலாவது. அப்படிச் சிலர் இருக்கக்கூடும். அவர்களைக் கண்டுபிடிக்க உதவுவதும் எழுத்துப் பதிவுதான். குறை இருக்கிறது என்று எழுதியவர் பெயரும், பார்த்தேன், குறை இல்லை என்று எழுதிய மெக்கானிக் பெயரும் ஒரே தாளில் இருந்தால் பொய் அதிக நாள் நிற்காது. வாய்ப்பேச்சில் சொல்லி வாய்ப்பேச்சில் மறுக்கப்படும் இடத்தில்தான் பொய்க்கும் மெய்க்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. மேலும், ட்ரிப் கணக்கில் கூலி வாங்குபவருக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். அவர் பழுதை மிகைப்படுத்துவதைவிட, பரவாயில்லை ஓட்டிவிடலாம் என்று மறைக்கும் ஆபத்தே அதிகம்.

செலவு என்பது இரண்டாவது வாதம். ஒவ்வொரு புகாருக்கும் வண்டியை நிறுத்தினால் தொழில் நடக்குமா என்கிறார்கள். தள்ளிப்போட்ட பழுது எங்கும் போய்விடுவதில்லை. கடன் போல வட்டியோடு திரும்பி வருகிறது. அமெரிக்க அஞ்சல் துறையையே பாருங்கள். வயதான வண்டிகளை ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டு ஓட்டிவிட்டு, 2021-இல்தான் புதிய வண்டிக்கு ஆஷ்காஷ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். 2022 இறுதியில் அறிவித்த திட்டப்படி, 2028-க்குள் 1,06,000 வண்டிகளுக்காக 960 கோடி டாலர் ஒரே மூச்சில் தேவைப்பட்டது. அதில் 300 கோடியை நாடாளுமன்றம் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. 2024-இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் புதிய வண்டிகள் தெருவுக்கு வந்தபோது, அவற்றின் வாத்து மூக்குத் தோற்றத்தை ஊர் கேலி செய்தது. ஓட்டியவர்கள் மகிழ்ந்தார்கள். ஏ.சி., காற்றுப்பை, சுற்றிலும் கேமரா, உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம் என்று அவர்கள் பாராட்டியவை எவையும் ஆடம்பரம் அல்ல. முதலிலேயே ஓட்டியவர்களைக் கேட்டிருந்தாலும் இதே பட்டியல்தான் கிடைத்திருக்கும்.

இப்போதுதான் சென்சார் வந்துவிட்டதே, ஓட்டுநர் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது வாதம். என்ஜின் சூட்டையும் டயர் காற்றையும் சென்சார் சொல்லும், நல்லது. கதவுத் தாழ் சரியாக விழவில்லை, இருக்கையின் ஸ்பிரிங் உடைந்து முதுகைக் குத்துகிறது, வளைவில் சரக்கு ஒருபக்கம் சாய்கிறது என்பதைப் பெரும்பாலான கருவிகள் சொல்லா. கருவியின் தகவல் அலுவலகத்துக்குப் போகிறது; விபத்து நடந்தால் நான் முன்பே சொன்னேன் என்று நிரூபிக்க ஓட்டுநர் கையில் என்ன இருக்கிறது? கிளட்சை மிதித்தபடியே ஓட்டி வண்டியைக் கெடுப்பதே ஓட்டுநர்தானே என்ற குற்றச்சாட்டுக்கும் இதே பதில்தான். எந்தப் பழுது ஓட்டும் முறையால் வந்தது, எது அளவுக்கு மீறி ஏற்றிய லோடால் வந்தது என்பதை நாள்வாரிப் பதிவு இல்லாமல் பிரித்தறிய முடியாது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி வாசல்வரை வந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, பழுதான வண்டியை ஓட்டுபவரை மட்டுமல்லாமல், ஓட்டச் செய்பவரையும் அனுமதிப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. ஆனால் சாலையில் வண்டி நிறுத்தப்படும்போது கைக்கு எட்டுபவர் ஓட்டுநர் ஒருவரே. முதலாளிக்குத் தெரியும், சொன்னேன் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா? புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி வரவேற்கத்தக்கது. ஆனால் மூன்றரை டன்னுக்கு உட்பட்ட சிறு சரக்கு வண்டிகள் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. தண்ணீர் கேன், சிலிண்டர், காய்கறி, பார்சல் என்று தமிழ்நாட்டுத் தெருக்களில் நாளெல்லாம் நின்று நின்று ஓடும் குட்டியானைகள் இந்த வகைதான். அவற்றில் பலவற்றை ஓட்டுபவரே சொந்தக்காரர். தவணை கட்டுபவரும் அவரே. அவர் யாரிடம் புகார் எழுதுவது என்று கேட்கலாம். பழுதுக்காக ஒரு ட்ரிப்பை விட்டவருக்கு அபராதமும் அடுத்த லோடு மறுப்பும் கிடையாது என்று, சரக்கு கொடுக்கும் நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதித் தரட்டும். அவருக்கு அதுவே பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஓட்டுநர் எழுதும் பழுதுச் சீட்டின் ஒரு நகல் அவரிடமே இருக்க வேண்டும். அதற்கு எழுத்தில் பதில் வராமல் அந்த வண்டி மறுபடி சாலைக்குப் போகக் கூடாது. பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் கசிவு ஆகிய மூன்றிலும் ஓட்டுநர் முடியாது என்றால் முடியாதுதான் என்று விதி வேண்டும். புது வண்டி வாங்கும் முன் அதை ஓட்டப்போகிறவரிடம் கருத்துக் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே வண்டியின் நிலையையும் வைக்கட்டும். போக்குவரத்துத் துறை இதை விதியாக்கட்டும். பொருள் வரத் தாமதமானதும் செல்பேசியில் கடிந்துகொள்ளும் நாமும், அந்த மனிதர் எத்தகைய வண்டியில் வருகிறார் என்று ஒருமுறை யோசிப்போம். வண்டியின் பழுதைச் சொன்னவரைக் குற்றவாளியாக்கும் தொழில், அடுத்த விபத்துக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும்.