ஒரே எஞ்சின், இரண்டு விலைகள்

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில், நாச்சாரத்தை அடுத்துள்ள மல்லாபூர் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் தமிழர் ஒருவர் நமது வங்கியின் நெடுநாள் வாடிக்கையாளர். கோவை பீளமேட்டில் லேத் பழகி, முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தவர். இன்று பதினான்கு பேருக்கு வேலை தருகிறார். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், இரண்டு கார்களின் விலைப்பட்டியல்களை மேசைமீது வைத்து, “இதில் எதற்குக் கடன் கேட்பது என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார். உடன் வந்திருந்த மகள், பட்டறையின் கணக்குகளைக் கவனிப்பவர், ஒன்றும் பேசவில்லை. அவர் கையில் மூன்றாவதாக ஒரு தாள் இருந்ததை நாம் பிறகுதான் கவனித்தோம்.

முதல் பட்டியல் ஆடி க்யூ3. 2022 ஆகஸ்டில் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் தொடக்கக் காட்சிக்கூட விலை 44.89 லட்சம் ரூபாய். இரண்டாவது ஃபோக்ஸ்வாகன் டிகுவான். 2021 டிசம்பரில் அது 31.99 லட்சத்துக்கு வந்தது. நம்மிடம் வந்த பட்டியல்களில் சில ஆயிரங்கள் கூடியும் குறைந்தும் இருந்தன. ஒப்பீடு தெளிவாக இருக்கும்பொருட்டு அறிமுக விலைகளையே இங்குக் கொள்கிறோம்.

இரு கார்களின் விவரத் தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தால் வியப்பே மிஞ்சும். இரண்டிலும் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். இரண்டும் 190 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இரண்டிலும் ஏழு வேக இரட்டை கிளட்ச் தானியங்கி கியர். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு. ஒன்றில் அதற்கு ‘குவாட்ரோ’ என்று பெயர், மற்றொன்றில் ‘4மோஷன்’. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் ஏறத்தாழ 2.68 மீட்டர். ஃபோக்ஸ்வாகன் குழுமம் எம்.க்யூ.பி. என்றழைக்கும் பொதுவான அடித்தளத்தின் மீது கட்டப்பட்டவை இவை. இரண்டுக்கும் ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரங்கள் கிடைத்துள்ளன. அத்துடன், இந்தியச் சந்தைக்காக இரண்டும் பூட்டப்பட்டது ஔரங்காபாத் என்று நாம் அறிந்திருந்த, இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப்படும் ஊரிலுள்ள தொழிற்சாலையில்தான்.

கிராஸ்ஓவர் என்னும் சொல்லே வணிகத்தார் தந்தது. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய பழைய ஜீப் வகையல்ல இது. சாதாரணக் காரைப் போல உடலும் அடித்தளமும் ஒன்றாகவே அமைந்த, சற்று உயரமான கார். உயரம் என்பது அலங்காரமன்று. முழங்கால் வலியுள்ளவர் குனிந்து இறங்கி உட்கார வேண்டியதில்லை. நம் வாடிக்கையாளர் கார் தேடியதற்கு முதற்காரணம் அவர் மனைவியின் முழங்கால்தான். பதினோரு ஆண்டுகள் ஓடிய பழைய காரில் ஏறி இறங்குவது அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

ஒரே உடலுக்கு இரண்டு பெயர் சூட்டுவது ஜெர்மானியர் மட்டும் கண்ட வழியன்று. டொயோட்டா நிறுவனம் 1997இல் ஜப்பானில் ‘ஹாரியர்’ என்று விற்கத் தொடங்கிய கார்தான், மறு ஆண்டு அமெரிக்காவில் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 300 என்னும் சொகுசுப் பெயருடன் இறங்கியது. அதன் அடிப்படை கேம்ரி என்னும் குடும்பக் காருடையது. வாங்கியவர் எவரும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

இரண்டையும் ஓட்டிப் பார்க்க ஒரு சனிக்கிழமை நாமும் உடன் சென்றோம். நேர்மையாகச் சொன்னால், சொகுசுக் காரின் பெருமை வெறும் இலச்சினையில் மட்டும் இல்லை. கதவு மூடும் ஓசை, விரல் படும் இடமெல்லாம் உணரப்படும் மென்மை, பெரிய திரையின் தெளிவு, உள்ளே நிலவும் அமைதி ஆகியவற்றில் க்யூ3 ஒரு படி மேல்தான். ஆனால் மல்லாபூரின் லாரிகள் உழுத சாலையிலும், அளவில்லாமல் போடப்பட்ட வேகத்தடைகளிலும் அந்த ஒரு படி பெரும்பாலும் கரைந்துபோனது. பின்னிருக்கையின் நடுவில் அமர்ந்த நம்மவர் இரண்டு காரிலும் ஒரே அளவு அவதிப்பட்டார். பின் அச்சுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டுக்காகத் தரையில் எழுப்பிய மேடு இரண்டிலும் உண்டு. எஞ்சினைப் பொறுத்தவரை, கண்ணைக் கட்டிவிட்டிருந்தால் எது எந்த கார் என்று நம்மால் சொல்லியிருக்க முடியாது.

திரும்பும் வழியில் அவர் மெல்லச் சொன்னார்: “முன்பு மொபெட்டில் பாகங்களைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆலைக்குப் போவேன். கேட்டில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். நல்ல காரில் போனால் கேட் தானாகத் திறக்கிறது சார். அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதிக்கொண்டோம். அதை அற்ப ஆசை என்று தள்ளிவிடும் உரிமை கடன் கொடுப்பவருக்கு இல்லை. ஆனால் அந்தக் கேட்டின் விலை என்ன என்று கணக்கிட்டுச் சொல்வது நம் கடமை.

காட்சிக்கூட விலையில் வேறுபாடு 12.90 லட்சம். அது அங்கேயே நிற்பதில்லை. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தெலங்கானாவில் அப்போது ஆயுட்கால வரி 18 சதவீதம்; அந்த வகையில் மட்டும் 2.32 லட்சம் கூடுகிறது. ஆக 15.22 லட்சம். காப்பீட்டுத் தொகையும் காரின் மதிப்பை ஒட்டியே ஏறும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பனையாளர் வசூலிக்கும் ஒரு சதவீத மூலவரியை நாம் சேர்க்கவில்லை. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பதினைந்து லட்சத்தை மட்டும் 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 24,134 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 20.27 லட்சம். இது முழுக் காருக்கான தவணையன்று, இலச்சினைக்கும் மென்மைக்கும் மட்டுமான தவணை.

இந்த இடத்தில்தான் மகள் அந்த மூன்றாவது தாளை எடுத்து வைத்தார். அது செங்குத்து மெஷினிங் சென்டர் ஒன்றின் விலைப்புள்ளி. 24 லட்சம், அதன்மேல் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி 4.32 லட்சம். “அப்பா, மில்லிங் வேலையை வெளியே கொடுத்து மாதம் அறுபதாயிரம் கட்டுகிறோம்” என்றார். “தெரியும் கண்ணு” என்றார் தந்தை. அதற்குமேல் சிறிது நேரம் பேச்சில்லை.

தொழில் செய்யும் வாசகர்கள் பலரும் கவனிக்கத் தவறும் வேறுபாடு ஒன்று இங்கே இருக்கிறது. இயந்திரத்துக்குக் கட்டும் 4.32 லட்சம் வரியை, பட்டறை தன் விற்பனைமீது செலுத்த வேண்டிய வரியில் உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். காருக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. கார் விற்போர், பயணிகளை ஏற்றிச் செல்வோர், ஓட்டுநர் பயிற்சி தருவோர் போன்ற சிலருக்கே உண்டு. அன்றைய நிலையில் இவ்வகைக் கார்களுக்கு வரியும் மேல்வரியும் சேர்ந்து 50 சதவீதம். அதாவது 44.89 லட்சத்துக்குள் ஏறத்தாழ 15 லட்சம் வரி, திரும்பி வராத வரி. தேய்மானம் மட்டும் இரண்டுக்கும் ஆண்டுக்கு 15 சதவீதம் என ஒத்திருக்கிறது; ஆனால் கார் குடும்பத்துக்கும் பயன்படும் அளவுக்கு அதிலும் குறைத்தே கோர வேண்டும்.

இயந்திரத்தின் மொத்த விலை 28.32 லட்சத்தில் கால் பங்கை, அதாவது 7.08 லட்சத்தை, அவர் தம் பங்காகப் போட வேண்டும். இரண்டு கார்களுக்கிடையிலான வேறுபாடு அதைப்போல இருமடங்கு. மீதி 21.24 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை சுமார் 45,130 ரூபாய். அறுபதாயிரத்தில் இது போக மிஞ்சுவது ஓர் இயக்குநரின் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் வெட்டுக் கருவிகளுக்கும் போதாது. மகள் அதை மறைக்கவில்லை. முதல் ஐந்து ஆண்டுகள் கையைக் கடிக்கும், வெளியிலிருந்து கூடுதல் வேலை பிடித்தால்தான் சமாளிக்க முடியும் என்று அவரே சொன்னார். ஆயினும் தாமதமான பாகங்களுக்காக இழந்த ஆர்டர்கள் இரண்டின் பெயரையும் சொன்னார்.

கார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, முழங்கால் காத்திராது. அடுத்த வாரம் அவர் டிகுவானுக்கும் இயந்திரத்துக்குமாக இரண்டு விண்ணப்பங்களைத் தந்தார்.

இன்று இதே முடிவை எடுக்க முனைவோர் பழைய விலைகளை மறந்துவிட வேண்டும். அந்த டிகுவான் இப்போது விற்பனையில் இல்லை. அதன் இடத்தில் 2025 ஏப்ரலில் வந்த டிகுவான் ஆர்-லைன் முழுதாக இறக்குமதியாவது. அறிமுக விலை 49 லட்சம். இங்கே பூட்டப்படும் சொகுசுக் காரின் 2022ஆம் ஆண்டுத் தொடக்க விலையைவிடச் சாதாரணப் பெயர் கொண்ட கார் விலை மிகுந்ததாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு மேல்வரி நீங்கி, வரி 40 சதவீதமாகக் குறைந்தும் இருக்கிறது. ஆகவே இலச்சினையைப் பார்த்து விலையை ஊகிக்காமல், எங்கே பூட்டப்பட்டது, எந்த எஞ்சின், எவ்வளவு வரி என்று மூன்றையும் கேட்டறிவது நல்லது.

புதிய காரை வீட்டுக்கு எடுத்து வந்த வாரத்திலேயே இயந்திரமும் வந்து சேர்ந்தது. நாம் சென்றபோது பட்டறை முற்றத்தை லாரியும் கிரேனும் அடைத்துக்கொண்டிருந்தன. கார் வெளியே, மல்லாபூர்ச் சாலையின் புழுதியில் நின்றது. அவர் அதன் பக்கம் திரும்பவேயில்லை. “மெதுவாக, மெதுவாக” என்று கிரேன்காரரிடம் தெலுங்கில் கூவிக்கொண்டிருந்தார்.