ருக்மிணி தேவியும் அவர் வகுத்த சேலையும்

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1904-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இயற்றப்பெற்றது. அவ்வாண்டிலேயே திரூரில் தமிழகத்தின் முதற் சங்கமும் தோன்றியது. அச்சட்டம் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், பிப்ரவரி 29-ஆம் நாள், மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் பரத நாட்டியத்தின் பெயரோடு இணைத்து உலகம் அறிந்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அக்குழந்தையே. நாட்டியத்தைப் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் உள. ஆரணியில் தறிமேல் அமர்ந்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லவேண்டிய செய்தி வேறு. அவர் பட்டுச் சேலைக்கு வடிவம் வகுத்தவர். இக்காலத்தில் ஆடை வடிவமைப்பாளர் என்று ஒரு தொழிலுக்குப் பெயர் சொல்லுகிறார்களே, அப்பெயர் நம் ஊர்களில் வழங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அத்தொழிலைச் செய்து காட்டியவர்.

தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் குடும்பத்தோடு அடையாற்றில் குடியேறினார். அங்கே அன்னி பெசண்டு அம்மையாரின் நிழலில் வளர்ந்த ருக்மிணி, 1920-இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். அக்காலத்தில் அம்மணம் எழுப்பிய கூச்சல் சிறிதன்று. கணவரோடு உலகெங்கும் பயணம் செய்தார். 1928-இல் ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். மேனாட்டு பாலே நடனத்தை அவருடைய குழுவினரிடம் பயின்றார். உம்முடைய நாட்டுக் கலையைத் தேடிக் கண்டுகொள்ளும் என்று பாவ்லோவா கூறிய யோசனையே அவரைச் சதிர் ஆட்டத்தின்பால் திருப்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமும் கற்று, 1935-ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அதே 1935-இல்தான் என்பதை நம் அன்பர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இனி நமக்கு வேண்டிய இடத்துக்கு வருவோம்.

ஆட்டத்துக்கு உடை வேண்டும். பழைய சதிரில் கால்சட்டைக்கு மேல் சேலையைச் சுற்றி ஆடுவது வழக்கம். ருக்மிணி தேவி கோயிற் சிற்பங்களை நோக்கினார். அடையாற்றில் இருந்த இத்தாலியப் பெண்மணி ஒருவரின் தையல் உதவியையும் பெற்றார். இன்று எந்த நாட்டிய மேடையிலும் நாம் காணும் விசிறி மடிப்பு வைத்த உடைக்கு அடிப்படை அங்கேதான் இடப்பட்டது. சேலையை வெட்டித் தைத்த உடையாயினும் அது சேலையாகவே தோன்ற வேண்டும். காலை மடக்கி அரைமண்டியில் அமரும்போது விசிறி விரிந்து, கரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரியவேண்டுமானால் கரை அகலமாயிருக்க வேண்டும். உடலின் நிறத்துக்கு மாறுபட்ட நிறமாயும் இருக்க வேண்டும்.

அத்தகைய சேலை அந்நாளைய கடைத்தெருவில் எளிதிற் கிடைக்கவில்லை. வசதியுள்ள இல்லங்களில் சிபான், ஜார்ஜெட்டு போன்ற மெல்லிய சீமைத் துணிகளுக்கு மோகம் ஏறியிருந்த காலம் அது. கடையில் இல்லாததை வாங்க இயலாதாகையால், தறியையே போட்டுவிட்டார். 1937-இல் கலாக்ஷேத்திரத்தில் நெசவுப் பிரிவு தொடங்கிற்று. நாட்டிய உடைக்காகத் தொடங்கிய அப்பிரிவு நாளடைவில் இல்லத்தரசிகள் உடுத்தும் சேலைகளையும் நெய்து தந்தது. அகன்ற கோர்வைக் கரை, தாழம்பூ ரேகு, ருத்திராட்சம், யானை, அன்னம், மயில், கட்டம் என்று பாட்டிமார் பெட்டியில் உறங்கிய சின்னங்கள் மீண்டும் தறிக்கு வந்தன. இவற்றுள் எதுவும் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. ஏராளமாகக் கிடந்த பழையவற்றுள் எதை எடுப்பது, எதை விடுவது, எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்ப்பது என்று தேர்ந்ததே அவருடைய திறம். வடிவமைப்பு என்பதில் பெரும்பகுதி இந்தத் தேர்வுதான் என்பது நம் அபிப்பிராயம். கலாக்ஷேத்திரக் கரை என்று பட்டுக் கடைகளில் ஒரு பெயரே வழங்கலாயிற்று.

கோர்வை என்றால் எத்தனை உழைப்பு என்பதை நம் அங்கத்தினர்க்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் இம்மாத இதழைப் படிக்கும் மல்பெரி விவசாய அன்பர்களுக்காக ஒரு சொல். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று நெய்ய வேண்டுமாயின் ஒரே நாடா போதாது. இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று என்று மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருபக்கக் கரைக்கு நாடா எறிந்து கொடுக்கத் தறியின் ஓரத்தில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். முந்தானைக்கும் வேறு நிறம் வேண்டுமெனில் பாவிலுள்ள ஆயிரக்கணக்கான இழைகளையும் புதிய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பர். இதற்கே பிட்னி என்று பெயர். இருவர் உழைப்பில் ஒரு கூலி கிடைத்தால், தறிக்குத் துணை இருக்க எந்தப் பிள்ளையும் முன்வரமாட்டான். கோர்வை குறைந்து வருவதற்கு இதுவே முதற் காரணம். ரசனை குறைந்தது பின்னரே.

ருக்மிணி தேவி செய்ததில் மிக முக்கியமானது என்று நாம் கருதுவது, வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பிவிட்டு ஒதுங்காமல், தறியைத் தம் வாசலிலேயே வைத்துக்கொண்டதாகும். நெய்தவருக்கு அவ்வடிவம் நெய்யக்கூடியதா என்று சொல்ல வாய்ப்பிருந்தது. வகுத்தவருக்கு ஊடையின் நிறம் பாவின் நிறத்தை எப்படி மாற்றுகிறது என்று நேரிற் காண வாய்ப்பிருந்தது. 1978-இல் கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையாரின் தூண்டுதலால் இயற்கைச் சாயமும் கலம்காரியும் அங்கே சேர்ந்தன.

அவரது வாழ்வின் பிற செய்திகளைச் சுருக்கமாகவே கூறலாம். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். 1956-இல் பத்ம பூஷண் விருது. பிராணிகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய விடாமுயற்சியின் பயன். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் வேண்ட, மறுத்துவிட்டார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் மறைந்தார்.

உயிர்களிடத்து இத்துணைக் கருணை கொண்டவர் பட்டு நெய்வித்தது எங்ஙனம் என்று விவசாய அன்பர் ஒருவர் கேட்கக்கூடும். கூட்டினுள் புழுவை வெப்பத்தால் கொன்றால்தான் இழை அறாமல் வரும். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டை நூற்கத்தான் முடியுமேயன்றி உருவ முடியாது. இக்கேள்வி பின்னர் நம் மாநிலத்தவர் ஒருவர் வாயிலாகவே எழுந்தது. குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார் புழுவைக் கொல்லாத பட்டு உண்டா என்று வினவ, ஆந்திரக் கைத்தறித் துறையைச் சேர்ந்த குசுமா ராஜய்யா என்பார் அதனையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டு அகிம்சைப் பட்டை உருவாக்கினார். பளபளப்புக் குறைவு, விலை அதிகம், ஆயினும் விரும்பி வாங்குவோர் உண்டு.

புகழுரையோடு நிறுத்திவிடுவது நியாயமாகாது. சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இசை வேளாளர் குலப் பெண்கள் மேடையினின்றும் ஒதுங்கிப்போக, அக்கலை புதிய பெயரோடு பிறர் இல்லங்களுக்குச் சென்றது என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையாரே ருக்மிணி தேவியின் போக்கில் கருத்து வேறுபாடு கொண்டிருந்தார். தறிக்கும் இது பொருந்தும். கலாக்ஷேத்திரக் கரை என்ற பெயர் நிலைத்தது. அதை நெய்த கைகளின் பெயரால் எந்தக் கரையும் வழங்கக் காணோம்.

ஆரணிக்கு இது புதிய துன்பமன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் என்றால் சென்னை இராஜதானியில் மெல்லிய துணிக்கு இலக்கணம்; ஆலைத்துணி வந்தபின் அப்பெயர் ஏட்டில் மட்டும் நின்றது. பின்னர்ப் பட்டு வந்தது. காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைந்த, நாள் முழுதும் உடுத்தியிருக்கத் தக்க சேலை என்று ஆரணிப் பட்டு பெயர் பெற்றது. அப்பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆனாலும் நம் ஊரில் நெய்த சேலை வெளியூர்க் கடைகளில் வேறோர் ஊரின் பெயரால் விலைபோவது பல்லாண்டுக் குறை.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஒரு குறிப்பிட்ட கரையின் வடிவத்தைக் காக்காது. கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய இனங்கள் பின்னர் 11 ஆகக் குறைக்கப்பட்டன. அவற்றுள் சேலை இருந்தும், விசைத்தறியில் போலி நெய்வது நிற்கவில்லை. வடிவத்துக்குக் காப்பு வேண்டுமாயின் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். பாட்டி காலத்து ருத்திராட்சக் கரையைப் பதிய இயலாது. அது எல்லோர்க்கும் பொது. புதிதாக வகுத்த வடிவமாயின், வகுத்தவர் தம் பெயரிலோ, உரிமையை எழுதிக் கொடுத்துச் சங்கத்தின் பெயரிலோ பதியலாம். ஒரு நிபந்தனை மட்டும் மறக்கலாகாது: சேலையைக் கடைக்கு அனுப்பிய பின்னரோ பலர் காண வைத்த பின்னரோ விண்ணப்பித்தால் பயனில்லை, முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். சென்னைக் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் மனுவைப் பெற்றுக்கொள்வார்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடியுமுன் கேட்டால் இன்னும் 5 ஆண்டுகள் நீட்டித் தருவார்கள்.