நங்கூரமும் பிறையும்: பழம்படங்களில் படைவீரர் சீருடை

எம் துறை மாணவர்கள் பழைய கடிதங்களையும் படங்களையும் திரட்டிவரச் சென்றபோது, புதுவை நகரின் தென்பால் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டிலிருந்து ஒரு நிழற்படம் வந்து சேர்ந்தது. சிறு மேசையருகே ஓர் இளைஞர் நிற்கிறார். கையிலுள்ள இரும்புத் தலைக்கவசத்தில் நங்கூரச் சின்னம். மார்பில் ஒரு பதக்கம். ஒரு கையில் மூன்று கோணப்பட்டைகள். படத்தைத் தந்த மூதாட்டியார், "எங்கள் பாட்டனார் கப்பற்படைச் சொல்தா" என்றார். அவருடைய தந்தையார் கப்பற்படைப் பதிவுகளில் இருமுறை விசாரித்தும் அப்படியொரு பெயரே இல்லை என்று மறுமொழி வந்ததாம். "பெயர் இல்லையென்றால் அவர் போருக்கே போகவில்லை என்றாகிவிடுமா?" என்று அம்மையார் கேட்ட கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

பிழை நங்கூரத்தில் தொடங்கியது. பிரெஞ்சு நாட்டின் குடியேற்றப் பகுதிகளில் பணிபுரிந்த தரைப்படையினர் முற்காலத்தில் கடற்படை அமைச்சின்கீழ் இருந்தனர். 1900ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் போர் அமைச்சுக்கு மாற்றி, 'குடியேற்றப் படைகள்' என்று பெயரிட்டது. பெயர் மாறிற்று, நங்கூரம் மாறவில்லை. 1958இல் கடல்கடந்த படைகள் என்றும், 1961இல் மீண்டும் பழைய கடற்படைத் தொடர்பை நினைவூட்டும் பெயராலும் அவை அழைக்கப்பெற்றன. அப்போதும் நங்கூரம் நின்றது. ஆகவே நங்கூரம் அணிந்த புதுவைச் சொல்தா பெரும்பாலும் குடியேற்றக் காலாட்படையைச் சேர்ந்தவர். கப்பலில் பணிபுரிந்தவர் அல்லர். தேங்காய்த்திட்டுக் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் தவறான பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தது.

நங்கூரத்தினும் மிகுதியாக நம் சமுதாயத்தாரை மயக்குவது பிறை. 1915இல் பிரெஞ்சுப் படைக்கு வழங்கப்பெற்ற ஆட்ரியன் தலைக்கவசத்தின் முகப்பில் படைப்பிரிவுக்கு ஒரு சின்னம் பொருத்தப்பட்டது. காலாட்படைக்குச் சுடர்விடும் எறிகுண்டு. பீரங்கிப்படைக்குக் குறுக்கிட்ட பீரங்கிகள். வேட்டுவப் படைக்கு ஊதுகொம்பு. குடியேற்றப் படைகளுக்கு எறிகுண்டுடன் நங்கூரம். வட ஆப்பிரிக்கப் படைகளுக்குப் பிறை. இப்பிறை படைப்பிரிவின் அடையாளமேயன்றி அணிந்தவரின் மார்க்கத்தைக் குறிப்பதன்று. பிறை அணிந்த சுவாவ் படையினர் பெரும்பாலும் ஐரோப்பியர். மறுபுறம், குடியேற்றக் காலாட்படையில் சேர்ந்த ஒரு முஸ்லிம் வீரர் நங்கூரமே அணிந்திருப்பார். பிறையைக் கண்டு "இவர் நம்மவர்" என்பதும், நங்கூரத்தைக் கண்டு "இவர் நம்மவர் அல்லர்" என்று படத்தை ஒதுக்குவதும் ஒருங்கே தவறாகும்.

இனி நிறம். அக்காலத்தில் பரவலாக வழங்கிய நிழற்படத் தகடுகள் நீல நிறத்தை மிகையாகவும் சிவப்பைக் குறைவாகவும் ஏற்றன. அதனால் நீலம் வெளிறி வெண்மைபோலத் தோன்றும், சிவப்பு கருத்துவிடும். முதல் உலகப் போரின் தொடக்க ஆண்டில் பிரெஞ்சுப் படை ஏற்ற வெளிர்நீலச் சீருடை, படத்தில் வெள்ளுடைபோலத் தெரிவதன் காரணம் இதுவே. "வெள்ளுடையில் இருக்கிறார், மருத்துவமனைப் பணியாளராக இருந்திருப்பார்" என்று ஒரு பெரியவர் எம்மிடம் சொன்னதுண்டு. கருப்பாகத் தெரியும் கெப்பியும் அவ்வாறே சிவப்பாக இருந்திருக்கலாம். புதுவைக் காவலரின் சிவப்புக் கெப்பியை நாம் அனைவரும் அறிவோம். ஆதலால் தலையில் கெப்பி இருப்பது ஒன்றைக்கொண்டே ஒருவரைப் பிரான்சுக்குச் சென்ற போர்வீரர் என்று துணிதல் கூடாது.

படையணியின் எண்ணை அறியக் கழுத்துப்பட்டையை நோக்குதல் வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கின், நங்கூரத்தோடு ஓர் எண் தெரியலாம். 11 எனில் சைகோனில் நிலைகொண்டிருந்த பதினோராம் குடியேற்றக் காலாட்படை. 9 எனில் ஹனோய். படத்தின் பின்புறத்தையும் மறத்தலாகாது. அஞ்சலட்டையாக அச்சிட்ட படங்களில் நிழற்படக் கூடத்தின் பெயரும் ஊரும் இருப்பதுண்டு. துலோன் என்றிருந்தால், நான்காம், எட்டாம் குடியேற்றக் காலாட்படைகள் அத்துறைமுக நகரில் இருந்தமை நினைவுக்கு வரவேண்டும். சைகோன் என்றிருப்பின் வீரர் என்று உடனே முடிவு கட்டவும் இயலாது. புதுவை, காரைக்கால் பகுதிகளிலிருந்து வணிகராகவும் அலுவலராகவும் அங்குச் சென்றவர் பலர். 1935இல் அந்நகரில் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல் அவ்வணிகர்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

கைப்பட்டைகள் பற்றி நாம் செய்த தவறு ஒன்றையும் மறைக்காது கூறுதல் முறை. 1916 முதல் பிரெஞ்சு வீரரின் இடக்கையில் தைக்கப்பெற்ற கோணப்பட்டைகள் போர்முனையில் கழித்த காலத்தைக் குறித்தன: முதற்பட்டை ஓராண்டுக்கு, அதன்பின் ஒவ்வொன்றும் ஆறு திங்களுக்கு. வலக்கையில் இருந்தாலோ அவை பெற்ற காயங்களின் கணக்கு. தேங்காய்த்திட்டுப் படத்தில் மூன்று பட்டைகளும் வலக்கையில் இருந்தன. "உங்கள் பாட்டனார் மும்முறை காயமுற்றவர்" என்று மூதாட்டியாரிடம் சொல்லிவிட்டோம். அவர் கண்கலங்கினார். மறுவாரம் முதலாண்டு மாணவர் ஒருவர், "ஐயா, பதக்கம் ஏன் வலப்பக்க மார்பில் இருக்கிறது?" என்று கேட்டார். பதக்கம் இடமார்பில் அணிவதே மரபு. பொத்தான்களும் மாறிக் கிடந்தன. பழம்படத்தைப் பிற்காலத்தில் நகலெடுத்த யாரோ இடவலமாக அச்சிட்டுவிட்டனர்! திருப்பி நோக்கின் பட்டைகள் இடக்கைக்கு வந்தன. மும்முறை காயம் இல்லை. ஈராண்டு போர்முனைப் பணி. மீண்டும் அம்மையாரிடம் சென்று திருத்திச் சொன்னோம். "அடிபடவில்லையா? அல்ஹம்து லில்லாஹ்!" என்றார்.

மார்பிலிருந்த பதக்கம், குறுக்கிட்ட வாள்களின்மேல் அமைந்த சிலுவை வடிவம். 1915இல் ஏற்படுத்தப்பெற்ற போர்ச் சிலுவை இது. சிலுவை என்பதாலேயே இது கிறித்தவ வீரரின் பதக்கம் என்று கருதுவோர் உளர். அனைத்துச் சமயத்தாருக்கும் இதே வடிவில் வழங்கினர். பதக்கமே பெட்டியில் கிடைக்குமாயின் பின்புறத்தைப் பார்க்க: 1914-1916 என்பது போல ஆண்டுகள் பொறித்திருக்கும். குடியேற்றப் பதக்கமாயின் நாடாவிலுள்ள உலோகப் பட்டையில் போர் நடந்த நாட்டின் பெயரையே படிக்கலாம். இரட்டைக் குறுக்குக் கோடுடைய லொரேன் சிலுவை காணப்பட்டால் அது 1940க்குப் பிற்பட்ட சுதந்திர பிரான்சுப் படை. ஆளுநர் பொன்வேன் 1940 செப்டம்பரில் புதுவையைத் தெகோல் பக்கம் நிறுத்திய வரலாற்றோடு இணைத்து நோக்கத்தக்கது.

ஆங்கிலேயர் ஆண்ட கடலூர் அருகிலேயே இருந்தமையால், ஒரே குடும்பப் பெட்டியில் இருநாட்டுச் சீருடைகளும் கலந்து கிடப்பது வியப்பன்று. 'தம்பி' எனச் செல்லப்பெயர் பெற்ற சென்னைச் சாப்பர் படையினரை அவர்களுடைய தனித்தன்மை வாய்ந்த தலையணி காட்டிக்கொடுக்கும். இந்தியப் படைச் சின்னத்தில் முடி இருந்தால் 1950 சனவரி 26க்கு முற்பட்டது. அசோகர் சிங்கம் இருந்தால் பிற்பட்டது.

சீருடை படையணியைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றோர் புதுக்குடும்பப் பெயர் பூண்டனர். வீட்டில் வழங்கிய பெயர் ஒன்றும் ஏட்டிலுள்ள பெயர் ஒன்றுமாக இருத்தல் இயல்பு. முஸ்லிம் பெயர்களோ பிரெஞ்சு எழுத்தரின் செவிக்கு எட்டியவாறு எழுதப்பட்டன. அப்துல் காதர் என்னும் ஒரு பெயரையே எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள்! அவ்வளவு விதமாகவும் தேடியாக வேண்டும்.

தேங்காய்த்திட்டுப் படத்தில் கழுத்துப்பட்டை எண் அழிந்துவிட்டது. எனவே, குடியேற்றக் காலாட்படை வீரர், 1916க்குப் பின் எடுத்த படம், ஈராண்டு போர்முனையில் இருந்தவர் என்ற அளவோடு நின்றோம். படையணி எண்ணை ஊகித்து எழுதவில்லை. இவற்றை ஒரு தாளில் எழுதி, மென்கரிக்கோலால் படத்தின் பின்புறமும் குறித்துத் தந்தோம். குடியேற்ற நாட்டு ஆவணங்களைக் காக்கும் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரக் காப்பகத்துக்குக் குடும்பத்தார் விண்ணப்பம் எழுதியுள்ளனர். இம்முறை அதில் 'கப்பற்படை' என்ற சொல் இல்லை. பாட்டனார் பெயர் ஏழுவிதமான எழுத்துக்கூட்டில் இடம்பெற்றிருக்கிறது.