இரண்டுக்கு ஒன்று: செக்கோஸ்லோவாகியாவின் பாகப்பிரிவினைக் கணக்கு

1993 பிப்ரவரி முதல் வாரத்தில் செக், ஸ்லோவாகிய நகரங்களில் மக்கள் பழைய கொருனா நோட்டுகளை மாற்ற வரிசையில் நின்றார்கள். திரும்பக் கிடைத்ததும் அதே பழைய நோட்டுதான். மேலே ஒரு சின்ன ஸ்டாம்ப் மட்டும் ஒட்டியிருந்தது. செக் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் செக் பணம், ஸ்லோவாக் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் ஸ்லோவாக் பணம். புது நோட்டு முழுதாக அச்சாகி வரும்வரை காத்திருக்க அவகாசமில்லை. ஸ்லோவாக் பணம் மதிப்பிழக்கும் என்று பயந்து பலர் சேமிப்பைச் செக் வங்கிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். குறைந்தது ஆறு மாதம் ஒரே நாணயம் என்ற ஒப்பந்தம் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

1918இல் பிறந்த செக்கோஸ்லோவாகியா 1992 டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிந்துபோனது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. பிரிவினை என்றாலே ரத்தம் நினைவுக்கு வரும் உலகில் இதை முன்மாதிரி என்று பலரும் காட்டுகிறார்கள். ஆனால் இதிலும் வரவும் உண்டு, செலவும் உண்டு.

பிரிவினையின் முக்கிய வேர் பொருளாதாரம். கம்யூனிச ஆட்சியில் ஸ்லோவாகியாவில் டாங்கி, பீரங்கி செய்யும் கனரகத் தொழிற்சாலைகள் குவிந்தன. 1989இல் அந்த ஆட்சி விழுந்த பிறகு அவற்றுக்கு ஆர்டர் வற்றியது. 1992 இறுதியில் ஸ்லோவாகியாவில் வேலையின்மை 10 சதவீதம். செக் பகுதியில் 3 சதவீதத்துக்கும் குறைவு. செக் பகுதியில் தேர்தலில் வென்ற வாட்ஸ்லாவ் கிளாவுஸ் தனியார்மயத்தை விரைவுபடுத்தத் துடித்தார். ஸ்லோவாகியாவில் வென்ற விளாடிமிர் மெச்சியார் நிதானமும் கூடுதல் அதிகாரமும் கேட்டார். புர்னோ நகரின் டுகென்ட்ஹாட் மாளிகையில் இருவரும் பேசி, பிரிவது என்று முடிவெடுத்தார்கள். கூட்டாட்சியைக் காப்பாற்றப் போராடிய அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவல் அதற்கு முன்பே பதவி விலகிவிட்டார்.

மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இரு பக்கமும் பெரும்பான்மையோர் பிரிவினையை விரும்பவில்லை என்றே கருத்துக் கணிப்புகள் சொல்லின. பொதுவாக்கெடுப்பு கோரி லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டும் அது நடக்கவில்லை.

சொத்துப் பிரிப்பு மட்டும் கறாராக நடந்தது. மக்கள்தொகைக் கணக்குப்படி செக்குக்கு இரண்டு பங்கு, ஸ்லோவாகியாவுக்கு ஒரு பங்கு. மிக்-29 போர் விமானங்கள் ஒரு விதிவிலக்கு: இருபதையும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டார்கள். பழைய கூட்டாட்சியின் சின்னங்களை இருவருமே பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டும், பழைய கொடியைச் செக் நாடு தன் கொடியாகவே வைத்துக்கொண்டது.

பிரிந்ததன் பலன் ஸ்லோவாகியாவுக்கு உடனே கைகூடவில்லை. மெச்சியார் ஆட்சியின் அடாவடியால் 1997இல் நேட்டோ அழைப்பு செக், போலந்து, ஹங்கேரிக்கு வந்தபோது ஸ்லோவாகியா வெளியே நின்றது. இனி பழைய கூட்டாட்சித் தலைநகரான பிராக்கைக் குறைசொல்ல வழியில்லை. 1998 தேர்தலில் வாக்காளர்கள் ஆட்சியை மாற்றினார்கள். மிகுலாஷ் ட்சூரிந்தா அரசு 2004இல் வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக் கூட்டு வரி மூன்றையும் 19 சதவீதமாக்கியது. ஜிலினாவில் கியா, டிர்னவாவில் பெஜோ, பின்னர் நிட்ராவில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் ஆலைகள் வந்தன. சுமார் 54 லட்சம் பேர் வாழும் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் கார்கள் உருவாகின்றன. தலைக்கணக்கில் உலகிலேயே அதிகம். 2009இல் யூரோவையும் ஏற்றார்கள். செக் நாடு இன்னும் கொருனாவை விடவில்லை. கூட்டாட்சி நீடித்திருந்தால் வரி, நாணயம் இரண்டிலும் இப்படி ஆளுக்கொரு வழியில் போயிருக்க முடியாது.

எல்லாமே பிரிவினை தந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்லோவாக் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு ஃபோக்ஸ்வேகன் 1991இலேயே வந்துவிட்டது. கார்களை ஏற்றுமதி செய்யப் பெரிய சந்தையைத் திறந்தது ஐரோப்பிய ஒன்றியம். இரு நாடுகளும் 2004 மே 1 அன்று ஒன்றாகவே அதில் சேர்ந்தன. 2007 இறுதியில் எல்லைச் சோதனையும் போயிற்று. பிரிவினையின் வலி குறைந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு.

அதற்கு முன் விலை கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்லோவாகியாவிலிருந்து செக் பகுதிக்கு வேலைக்குக் குடியேறிய குடும்பங்கள் பல. 1993இன் செக் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஸ்லோவாகியர் கணக்கில் வைத்தது. செக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முந்தைய ஐந்தாண்டில் குற்றப்பதிவு இருக்கக் கூடாது. சிறு திருட்டு வழக்குகூடத் தடையானது. பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஆயிரக்கணக்கானோர் அந்நியரானார்கள். கண்டனங்களுக்குப் பிறகு 1996இலும் 1999இலும் சட்டம் தளர்ந்தது.

இரு நாடுகளின் வளர்ச்சி இடைவெளியும் முழுதாக அடைபடவில்லை. வாங்கும் திறன் அடிப்படையில் தனிநபர் வருமானம் செக் நாட்டில் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியில் சுமார் 90 சதவீதம். ஸ்லோவாகியா எழுபது சொச்சம் சதவீதத்திலேயே நிற்கிறது. ஸ்லோவாக் மொழியிலேயே படிப்பைச் சமாளிக்கலாம், கட்டணமும் இல்லை என்பதால் ஸ்லோவாக் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகச் செக் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். படித்து முடித்த பலர் ஊர் திரும்புவதில்லை. அவர்களைத் திரும்ப வரவழைப்பதுதான் பிராட்டிஸ்லாவா அரசுகளின் முன்னால் இன்றும் தீராமல் கிடக்கும் வேலை.